நாலெழுத்து, வெடித்தால் கோட்டை விழும்

ஞாயிறு, சென்னை

எங்கள் சொல்லாட்டக் குழுவுக்கு அடுத்த குறுக்கெழுத்துக் கட்டம் போடுவது என் முறை. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எனக்கு விழுந்த தலைப்பு பீரங்கி. குழுவில் இருப்பவர்கள் அத்தனை பேரும் அகராதியைக் கரைத்துக் குடித்தவர்கள். அவர்களை மடக்க வேண்டுமென்றால் பொருளையே நேரில் பார்த்துவிட்டு வந்து குறிப்பு எழுதினால்தான் உண்டு. அதனால் பையைக் கட்டிவிட்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இரும்பு வார்க்கும் ஒரு ஃபவுண்டரியில் காலமெல்லாம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற என் சித்தப்பாவும் "இரும்பு பாக்கறதுன்னா நான் இல்லாமலா?" என்று கூடவே கிளம்பிவிட்டார்.

முதல் நிறுத்தம், உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவர். துறைமுகத்தைப் பார்த்த பக்கத்தில் ஒரு சின்னக் கல்வெட்டு பதித்திருக்கிறார்கள். நடைபாதைக் கடைக்காரரிடம் கேட்டேன். தினமும் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறாராம். திரும்பிப் பார்த்துவிட்டு "அட, இதுவா!" என்றார்.

1914 செப்டம்பர் 22 இரவு, எம்டன் என்ற ஜெர்மானியப் போர்க்கப்பல் சத்தமில்லாமல் வந்து நின்று, துறைமுகத்தை ஒட்டியிருந்த பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிவைத்துச் சுட்டது. 10.5 செ.மீ. வாய் கொண்ட பீரங்கிகள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று பட்ட இடம்தான் இந்தச் சுவர். தொட்டிகள் பற்றி எரிய, கரையிலிருந்து பதிலுக்குச் சுட்டும் ஒன்றும் படாமல் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஊர் காலியாகத் தொடங்கியது. அதே வருடம் நவம்பர் 9-ஆம் தேதி கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி என்ற கப்பலிடம் அடி வாங்கி எம்டன் தரைதட்டியது. கப்பலின் கதை அங்கே முடிந்தது. "அவன் சரியான எம்டன்பா" என்று நாம் சொல்வது இன்னும் முடியவில்லை. எழுதிக்கொண்டேன்: நாலெழுத்து, பலே கில்லாடி, கடல் வழியாக வந்தவன்.

கோட்டை அருங்காட்சியகத்தின் வெளியே நிற்கும் பீரங்கிகளை ஒரு சுற்றுப் பார்த்தோம். செல்ஃபி எடுப்பவர்கள் ஒவ்வொன்றின் மேலும் ஏறி உட்கார்ந்திருந்ததால் சித்தப்பாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அதிக நேரம் நிற்கவில்லை.

மாலையில் மின்சார ரயிலில் பரங்கிமலையைத் தாண்டும்போது சித்தப்பாவிடம் சொன்னேன்: கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் பீரங்கிப்படைக்குத் தலைமையிடமே இந்த மலையடிவாரம்தான். ஐரோப்பியரைப் பாரசீகத்தில் 'ஃபிரங்கி' என்பார்கள். அது இங்கே வந்து மனிதர்களுக்குப் பறங்கி ஆனது, அவர்களோடு வந்த ஆயுதத்துக்குப் பீரங்கி ஆனது. பீரங்கிப்படை உட்கார்ந்திருந்த இடம் பரங்கிமலை என்றால், கட்டம் போடுகிறவளுக்கு வேறென்ன வேண்டும்? அந்தப் படையில் பீரங்கி சுடும் இந்தியச் சிப்பாய்களுக்குக் கோலந்தாஸ் என்று பெயர். அதுவும் பாரசீகம்தான்: குண்டு எறிபவர். ஐந்தெழுத்து. குழுவில் ஒருவருக்குக்கூடத் தெரியாது என்று பந்தயம் கட்டத் தயார்.

திங்கள், தரங்கம்பாடி

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து மாறி மாறி வந்து சேர மதியம் தாண்டிவிட்டது. 1792-இல் கட்டிய வாசலைக் கடந்து நுழைந்தால் நேராகக் கடல். வலது பக்கம் டான்ஸ்போர்க் கோட்டை. 1620-இல் ஓவே யெட்டே என்ற டேனிஷ் தளபதி கட்டத் தொடங்கியது. இடம் கொடுத்தவர் தஞ்சை நாயக்க மன்னர் ரகுநாத நாயக்கர். அவர் டென்மார்க் அரசருக்குப் பொன்னேட்டில் எழுதி அனுப்பிய கடிதம் கோபன்ஹேகன் ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கிறது. ரகுநாதர் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நாளைக்கு வேண்டியிருக்கும்.

கோட்டையின் கீழ்த்தளம் முழுக்கத் தாழ்ந்த வளைவுக் கூரை போட்ட அறைகள். சரக்கும் சாராயமும் வெடிமருந்தும் வைத்த கிடங்குகள். கிடங்கு என்றதும் எனக்குச் சிலப்பதிகாரம் ஞாபகம் வந்தது. அடைக்கலக் காதையில் மதுரை மதிலின் மேலிருந்த பொறிகளை இளங்கோவடிகள் வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவார். அதன் தொடக்கமே 'மிளையும் கிடங்கும்'. அங்கே கிடங்கு என்றால் அகழி! மிளை என்றால் காவற்காடு. தொடர்ந்து கல்லுமிழ் கவண், காய்பொன் உலை, ஐயவித்துலாம், ஆண்டலையடுப்பு என்று பட்டியல் நீளும். வெடிமருந்து கண்ணில் படாத காலத்துப் பீரங்கிப்படை அது. உரைகாரர் அடியார்க்கு நல்லார் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்ப்பார்: நூற்றுவரைக்கொல்லி, தள்ளிவெட்டி, களிற்றுப்பொறி, விழுங்கும்பாம்பு. இதில் பாதிப் பொறி எப்படி வேலை செய்தது என்று யாராலும் வரைந்து காட்ட முடியாது. ஆனால் நூற்றுவரைக்கொல்லி ஒன்பது எழுத்து, கட்டத்தின் நடுவில் முதுகெலும்பாகப் போட்டால் மேலும் கீழும் பல சொற்களைக் கோத்துவிடலாம்.

சித்தப்பாவுக்கு இந்த இலக்கியம் எதுவும் வேண்டாம். கடல் பார்த்துக் கிடந்த ஒரு துருப்பிடித்த பீரங்கியின் முன் குந்தி உட்கார்ந்துவிட்டார். இரும்பு அடுக்கடுக்காக உரிந்திருந்தது. உதிர்ந்து கிடந்த ஒரு செதிலை எடுத்து விரலில் தேய்த்துக் காட்டினார். விரல் கறுத்தது.

"பாத்தியா பாப்பா? வார்ப்பு இரும்பு. உப்புக்காத்து இரும்பை மட்டும் தின்னுட்டுப் போயிடும். உள்ள இருக்கற கரி அப்படியே நிக்கும். பென்சில்ல இருக்குமே, அதே கரிதான். வெளிய பாத்தா முழுசா இருக்கற மாதிரி இருக்கும், கத்தியால கீறலாம்."

"அப்போ இதுல இனிமே குண்டு போட்டுச் சுட்டா?"

"சுடறவன் போவான்."

1845-இல் டேனிஷ்காரர்கள் தரங்கம்பாடியையும் வங்காளத்துச் சேரம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு ஆங்கிலேயரிடம் விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். எடுத்துப் போகத் தேவையில்லை என்று நினைத்தவை கரையில் கிடக்கின்றன.

இரவு விடுதியில் குழுவைத் திறந்து, இதுவரை சேர்ந்த சொற்களில் நாலைந்தை ஆசை காட்டுவதற்காகப் போட்டேன். யாழ்ப்பாணத்திலிருந்து ஆடும் தோழி உடனே எழுதினாள்: "எறிகணை போடேல்லையோ? நாலெழுத்து." நான் அதை நினைக்கவே இல்லை. தமிழ்நாட்டுச் செய்தித்தாளில் அதை எப்போதாவது படித்திருப்போம், வாயால் சொன்னதில்லை. அவளுக்கு அது பள்ளிக்கூட நாட்களில் தினமும் கேட்ட சொல். குறிப்பு எப்படி எழுதலாம் என்று கேட்டேன். "சத்தம் கேட்டால் அது உமக்கில்லை எண்டு எழுதும்" என்றாள். அப்படியே எழுதப் போகிறேன். அவள் ஊரில் அது விளங்கும், இங்கே விளங்காதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

செவ்வாய், தஞ்சாவூர்

இந்தப் பயணமே இதற்காகத்தான்.

பெரிய கோயிலுக்கு வருகிற கூட்டத்தில் நூற்றில் ஒருவர்கூடக் கீழவாசல் பக்கம் திரும்புவதில்லை. நாங்கள் மயிலாடுதுறை, கும்பகோணம் வழியாக வந்து இறங்கியதும் நேரே அங்கேதான் போனோம். போகும் வழியில் ஒரு தெருப் பலகை: கீழ அலங்கம். இந்த ஊரில் மேல அலங்கம், வடக்கு அலங்கம் எல்லாம் உண்டு. அலங்கம் என்றால் கோட்டை மதில். இங்கே தபால்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் அது வெறும் விலாசம். கொத்தளம் என்றால் மதிலிலிருந்து துருத்தி நிற்கும் காவல் மேடை. கொத்தளத்துக்கும் அலங்கத்துக்கும் எழுத்து எண்ணிக்கை ஒன்றே, முடிவதும் ஒரே எழுத்தில். ஆடுபவர்களைத் தடுமாற வைக்க இதைவிட நல்ல ஜோடி கிடைக்காது.

பீரங்கி மேடு என்பது பழைய கோட்டையின் கிழக்கு வாசலைக் காத்து நின்ற கொத்தளம். படியேறி மேலே போனால் திறந்த வெளியில், வெயிலில், ராஜகோபால பீரங்கி. ரகுநாத நாயக்கர் காலத்தில், 1620-ஐ ஒட்டிச் செய்தது. தரங்கம்பாடியில் டேனிஷ்காரருக்கு இடம் கொடுத்த அதே கை, அதே காலம். கடற்கரையில் அவர்களுடைய வார்ப்பு இரும்பு உதிர்ந்துகொண்டிருக்கிறது. இங்கே இது நானூறு வருட மழையையும் வெயிலையும் வாங்கிக்கொண்டு, பழுப்பேறிய தோலோடு, கெட்டியாகக் கிடக்கிறது.

நீளம் ஏறக்குறைய 25 அடி. வாயின் உள் அகலம் 63 செ.மீ., வெளிச் சுற்றோடு சேர்த்தால் 93. எடை 22 டன் என்று எழுதியிருக்கிறார்கள். சித்தப்பா எழுதியதை நம்புகிற ஆள் இல்லை. பேருந்துச் சீட்டின் பின்புறத்தில் கணக்குப் போட்டார். வெளி வட்டத்திலிருந்து உள் வட்டத்தைக் கழித்து, நீளத்தால் பெருக்கி, இரும்பின் அடர்த்தியைப் போட்டால் இருபத்தொன்றரை வந்தது. "சரியாத்தான் சொல்றான்" என்று சீட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிறகுதான் பீரங்கியைப் பார்க்கத் தொடங்கினார். நான் பார்த்தது ஒரு பெரிய குழாய். அவர் பார்த்தது வேறு. உடம்பு நெடுக வளையம் வளையமாக ஓடும் கோடுகளைக் காட்டினார். "இது ஊத்தினது இல்ல. அடிச்சது." வாய்ப்பக்கம் வந்து கைபேசி விளக்கை உள்ளே அடித்தார். நீளவாக்கில் கோடுகள். வெளியே குறுக்கே வளையம், உள்ளே நெடுக்கே பட்டை. அப்புறம் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து எனக்கு வகுப்பு எடுத்தார்.

அந்தக் காலத்தில் நம்மூரில் கரி போட்டு ஊதும் உலையில் இரும்பு உருகி ஓடாது. களி மாதிரிக் கட்டியாகத்தான் வரும். அதைச் சம்மட்டியால் அடித்து அடித்துக் கசடைப் பிதுக்கி வெளியேற்றிப் பட்டையாக்க வேண்டும். ஒரு கட்டி கைக்கு அடங்குகிற அளவுதான் இருக்கும், அதில் எப்படி 22 டன் செய்வது? நீளப் பட்டைகளை நாற்பதுக்கு மேல் வரிசையாக வட்டமாக நிறுத்தினார்கள். அதுதான் குழலின் உள்சுவர். அதன்மேல் வளையங்களைப் பழுக்கக் காய்ச்சி மாட்டினார்கள். ஆறும்போது வளையம் சுருங்கி உள்ளே இருப்பதை இறுக்கிப் பிடிக்கும். அதன்மேல் இன்னொரு அடுக்கு வளையம். மூட்டுகளைச் சூட்டோடு சூடாக அடித்து ஒன்றாக்கினார்கள்.

"மாட்டுவண்டிச் சக்கரத்துக்கு இரும்புப் பட்டை கட்டறத பாத்திருக்கியா? சுத்தி வரட்டி அடுக்கிப் பட்டைய காய வெச்சு, கொறடால தூக்கி சக்கரத்துல போட்டு, தண்ணி ஊத்துவாங்க. சுர்ருனு சத்தம் வரும், மரம் கிறீச்சுனு முனகும். அதேதான். எங்க தாத்தா பட்டறைல வாராவாரம் நடக்கும். இங்க மரம் இல்ல, இரும்பு. அவ்ளோதான் வித்தியாசம்."

அவ்வளவுதானா என்றால், இல்லை. ஆளுயரத்தில் பாதிக்கு மேல் குறுக்களவுள்ள வளையத்தைச் செக்கச் சிவக்கக் காய்ச்சி, அது கறுப்பதற்குள் தூக்கி, கோணாமல் மாட்ட எத்தனை பேர், எத்தனை துருத்தி, எத்தனை கொறடு வேண்டும்! யாராவது ஒருவர் குரல் கொடுத்து, அத்தனை சம்மட்டியும் ஒரே தாளத்தில் விழுந்திருக்க வேண்டும். டெல்லி இரும்புத் தூணை ஆராய்ந்த கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் இந்தப் பீரங்கியையும் அளந்து ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இடைக்கால இந்திய உலோகத் தொழிலின் பெரும் சாதனைகளில் ஒன்றாகவே இதை வைத்தார் அவர்.

இதற்கு நேர்மாறான வழி பீஜப்பூரில் இருக்கிறது. மாலிக்-இ-மைதான் என்ற பீரங்கி, 1549-இல் அகமத்நகரில் ஒரே வார்ப்பாக வெண்கலத்தில் ஊற்றியது. யானையை விழுங்கும் சிங்கத்தின் வாயாக அதன் முனையைச் செதுக்கியிருக்கிறார்கள். வெண்கலம் குறைந்த சூட்டிலேயே உருகும், அச்சில் ஊற்றிவிடலாம், அலங்காரமும் செய்யலாம். விலைதான் அதிகம். தஞ்சைப் பீரங்கியில் சிங்கமும் இல்லை, யானையும் இல்லை. வளையங்கள் மட்டும்தான். எனக்கென்னவோ இதுதான் பிடித்திருக்கிறது, செய்த விதத்தை ஒளிக்காமல் உடம்பிலேயே காட்டிக்கொண்டிருக்கிறது.

என் நோட்டைத் திறந்து இதுவரை சேர்த்ததைப் பார்த்தேன். சுடுகிறவன் பக்கத்துச் சொற்களில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தவை. பீரங்கி, கோலந்தாஸ் இரண்டும் பாரசீகம் வழி. துப்பாக்கி துருக்கியில் கிளம்பித் தெலுங்கு வழியாக வந்தது. ஆற்காட்டில் இன்றும் ஒரு பகுதிக்குத் தோப்புகானா என்று பேர், அதற்கும் மாந்தோப்புக்கும் சம்பந்தமில்லை, நவாபின் பீரங்கிச் சாலை. ஆனால் செய்கிறவன் பக்கத்தில் உலை, துருத்தி, கொறடு, சம்மட்டி, பட்டடை, வார்ப்பு. ஒன்றுகூட இரவல் இல்லை. என் கட்டத்தில் முதல் வகைதான் நிரம்பியிருந்தது. பாதியை அடித்துவிட்டு இரண்டாம் வகைக்கு இடம் ஒதுக்கினேன்.

மேட்டில் காற்று வாங்க வந்த பெரியவர் ஒருவரிடம் சித்தப்பா இதை எப்படிச் சுடுவார்கள் என்று விளக்கத் தொடங்கிவிட்டார். வெடியுப்பு முக்கால் பங்கு, மீதிக் காலில் கந்தகமும் கரியும். அந்த மருந்தைப் பின்பக்கம் வரை தள்ளிக் கெட்டிக்க வேண்டும். அதன்மேல் குண்டு. மேலே உள்ள துளையில் மருந்து தூவித் திரியால் பற்றவைக்க வேண்டும். சுட்டபின் ஆறவிட்டு, உள்ளே கனல் ஒட்டியிருக்காமல் துடைத்துவிட்டுத்தான் மறுபடி மருந்து போட வேண்டும். இல்லாவிட்டால் போடும்போதே வெடிக்கும். இந்த வாய்க்குப் பொருந்துகிற கருங்கல் குண்டு ஒன்று 300 கிலோ வரும் என்றும் சீட்டில் போட்டுக் காட்டினார்.

"முந்நூறு கிலோவா? அத யாரு தூக்கி வெச்சா?" என்றார் பெரியவர்.

"அதுக்குத்தான் ராஜா."

பெரியவர் சிரித்துவிட்டு, கோயில் திருவிழாவில் போடும் அதிர்வேட்டுக்கும் மருந்து கெட்டிக்கிறது என்றுதான் சொல்வோம் என்றார். கெட்டித்தல், அழகான வினைச்சொல். இதே மருந்துதான் காய்ச்சலுக்குக் குடிக்கிறோம் என்பது கட்டம் போடுகிறவர்களுக்குக் கிடைத்த வரம்.

புதன், திருமயம்

புதுக்கோட்டையில் இட்லி, திருமயத்துக்குப் பேருந்து. சாலையிலிருந்தே கோட்டை தெரிகிறது. 1687-இல் சேதுபதி கட்டியது. ஊரில் இதை ஊமையன் கோட்டை என்கிறார்கள், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரையை இங்கே வைத்திருந்ததாகக் கதை. பாறையில் குடைந்த சிறு அறைக்குள் ஒரு லிங்கம் இருக்கிறது, இரும்பு ஏணியில் ஏறித்தான் பார்க்க வேண்டும். சித்தப்பா கீழேயே நின்றுகொண்டார்.

உச்சியில், வட்டமான கொத்தளத்தில், ஒற்றைப் பீரங்கி. தஞ்சாவூரில் பார்த்ததற்குப் பக்கத்தில் வைத்தால் இது பொடிப்பயல். ஐரோப்பிய வார்ப்பு. ஆனால் தரங்கம்பாடியைப் போல் உதிரவில்லை, கடல் எட்டத்தில் இருக்கிறது. இரண்டு பக்கமும் கட்டையாக நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி இதற்குத் தமிழில் என்ன என்று கேட்டேன். எந்த அகராதியிலும் எனக்குச் சிக்காத சொல். பீரங்கி வண்டியில் இந்த இரண்டும்தான் உட்காரும், வாயை ஏற்றி இறக்க இவைதான் அச்சு.

"முளைதான், வேறென்ன?" என்றார், இதெல்லாம் ஒரு கேள்வியா என்பது போல.

அங்கிருந்தே குழுவில் போட்டேன். உடனே எதிர்ப்பு. 'முளை என்றால் விதையிலிருந்து வருவது, மாடு கட்ட அடிப்பது, இதற்கெல்லாம் செல்லாது' என்றார் குழுவின் நக்கீரர். ஃபவுண்டரியில் வாழ்நாள் முழுக்கப் புழங்கியவர் சொல்கிறார் என்றேன். அகராதியில் காட்டு என்றார். வாக்கெடுப்பு நடந்தது. முளை ஜெயித்தது. சித்தப்பாவிடம் சொன்னதற்கு, "தோத்திருந்தா மட்டும் அதோட பேரு மாறிடுமா?" என்றார்.

கல்லில் கட்டிய இந்தக் கோட்டையின் மேல் நின்றால் பாஞ்சாலங்குறிச்சி நினைவுக்கு வராமல் இருக்காது. அது மண்கோட்டை. 1799-இல் இடித்ததை, 1801-இல் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய ஊமைத்துரையின் ஆட்கள் சில நாட்களிலேயே திரும்ப எழுப்பிவிட்டார்கள். கல்மதிலில் குண்டு பட்டால் விரிசல் ஓடும், சரியும். களிமண் மதில் குண்டை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும். விழுந்த ஓட்டையை ராத்திரியோடு ராத்திரியாக அடைத்தும் விடலாம். கம்பெனிப் படை மார்ச்சில் மோதித் தோற்று, கூடுதல் பீரங்கிகள் வந்த பிறகு மே 24-ஆம் தேதிதான் உள்ளே நுழைந்தது. அங்கேயும் போயிருக்க வேண்டும். சித்தப்பாவின் முழங்கால் ஒத்துழைக்கவில்லை, திருச்சிக்குப் பேருந்து ஏறிவிட்டோம்.

கட்டம் வெள்ளிக்கிழமை குழுவுக்கு வரும். ஒரு துப்பு மட்டும் இப்போதே தருகிறேன்: இடமிருந்து வலம் எட்டாவது, இரண்டெழுத்து, 'சிறியது, சூடானால் பறக்கும்'. உப்புமா கிண்டப் போகிறவர்களுக்கும் துப்பாக்கி தூக்கப் போகிறவர்களுக்கும் விடை ஒன்றுதான். ஆனால் அதைக் குறுக்கே வெட்டும் சொல்லில்தான் மாட்டுவீர்கள்.